மாலை வேண்டாம், மம்பட்டி கொண்டாங்க

கம்பம் பள்ளத்தாக்கு சொந்தங்களே! வயலைப் பத்தியும் ரோட்டைப் பத்தியும் பேசச் சொன்னாங்க. பேசுறேன். அதுக்கு முந்தி ஒரு மனுஷன். பேரைச் சொல்ல மாட்டேன். பாருங்க, சொல்றதுக்குள்ளயே கை தட்டுறீங்க!

மேற்கே ஓடிக் கடல்ல விழுந்த தண்ணியை, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பிவிட்டவர். கட்டின அணையை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, திரும்பக் கட்டுனாரு. 1895-ல தண்ணி இறங்குச்சு. இன்னிக்கு நம்ம பள்ளத்தாக்குல மட்டும் 14,000 ஏக்கருக்கு மேல இருபோகம். ராமநாதபுரம் வரைக்கும் அதே தண்ணிதான் போகுது!

சரி, ரோட்டுக்கு வர்றேன். விடியக்காலம் கம்பமெட்டு ரோட்டுல நின்னு பாருங்க. எட்டுப் பேர் உட்கார்ற ஜீப்புல பதினஞ்சு பொம்பளைக. மடியில தூக்குச்சட்டி, தலையில துண்டு. ஏலத்தோட்டத்துக்குப் போறாங்க. "வளைவுல பயமா இல்லையா ஆத்தா?"ன்னு ஒரு அம்மாகிட்டக் கேட்டேன். "கண்ணை மூடிக்குவேன்யா. தெறந்தா கேரளா!" சிரிக்கிறீங்க. அந்த அம்மா சிரிக்கலை.

ரயில்? 2010 கடைசியில அகலப்பாதைக்குன்னு நிறுத்துனாங்க. போடிக்குத் திரும்ப வந்தது 2023-ல. நின்னப்ப பொறந்த பிள்ளை ஏழாங்கிளாஸ் போயிருச்சு! அதே வருஷம் நம்ம பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. சந்தோஷம். பந்தலுக்கு அடியில நிக்கிறவனுக்கு விலை ஏறுச்சா? நீங்களே சொல்லுங்க!

இதையெல்லாம் கேட்க வேண்டியவங்க வருஷத்துக்கு ஒருநாள் வருவாங்க. யாருன்னு கேட்காதீங்க, வெள்ளை வேட்டி கசங்காது. லோயர்கேம்ப்ல அந்த மனுஷனோட மணிமண்டபத்துல மாலை, போட்டோ, கார் கதவு டப்புன்னு சாத்துற சத்தம். அம்புட்டுதான்!

போன தையில எங்க வயலுக்குப் போற மடையில தண்ணி ஏறலை. கையை விட்டுத் துழாவுனேன். பிளாஸ்டிக் பை, பாட்டில், அதுக்கும் அடியில நாரோட ஒரு ரோஜா மாலை. யாரு கழுத்துல கிடந்த மாலைன்னு எனக்குத் தெரியாது. அடைச்சுக்கிட்டு இருந்தது அந்த மனுஷன் கொண்டாந்த தண்ணியை.

அந்த மடை நம்மளுதுதானே? தண்ணி கேரளாவுல இருந்து வருது, குப்பையும் அங்கிருந்தா வந்துச்சு? அதனால வர்ற ஜனவரி 15, அவரு பொறந்த நாளு. பொங்கல் வைங்க, குலவை போடுங்க. மாலை மட்டும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு மம்பட்டி. காலையில ஆறு மணி. முதல் ஆளா நான் மடையில நிப்பேன்.