கௌரவப் பேராசிரியர் ஃபிரேகெ

இன்னைக்கு ஒருத்தரோட வேலை வரலாறு. ரெஸ்யூமேல போட்டா ரெண்டே வரிதான் வரும்: ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழகம், கணிதத் துறை, 1874 முதல் 1918 வரை. 44 வருஷம் ஒரே இடம். கடைசி வரை முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. பெயர் கோட்லோப் ஃபிரேகெ. நீங்க டேட்டாபேஸ் குவெரியில 'எக்ஸிஸ்ட்ஸ்'னு போடுறீங்கல்ல, அதோட தாத்தா இவர்தான்.

என்ன செய்தார்னு முதல்ல சொல்லிடறேன். 'டெப்போவில் எல்லா பஸ்ஸையும் ஒரு டிரைவர் ஓட்டுகிறார்.' இந்த வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தம் வரும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனித்தனியா ஒரு டிரைவரா, இல்ல ஒரே பாவப்பட்ட மனுஷன் எல்லா பஸ்ஸையும் ஓட்டுறாரா? அரிஸ்டாட்டில் காலத்து தர்க்கத்தில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுத வழி கிடையாது. 'எல்லாவற்றுக்கும்', 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்ற இரண்டையும் குறியீடாக்கி, எது எதற்குள் அடங்குகிறது என்று எழுத ஒரு முறையை 1879-இல் ஃபிரேகெ வெளியிட்டார். புத்தகத்தின் பெயர் 'பெக்ரிஃப்ஸ்ஷ்ரிஃப்ட்'. அப்போது அவருக்கு வயது 30.

யாரும் கொண்டாடல. கோடும் கிளையுமாக, பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் குறியீடு அது. அன்றைய பெரிய தர்க்கவியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்ரோடர், இது ஜப்பானியர்கள் மேலிருந்து கீழே எழுதுவது மாதிரி இருக்கிறது என்று விமர்சனத்தில் கிண்டலடித்தார். பூல் செய்ததைத் தாண்டி இதில் பெரிதாக எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. யூசர் இன்டர்ஃபேஸ் சரியில்லன்னு பேக்எண்டையே தூக்கிப் போட்ட கதை.

சரி, அப்போ சோறு போட்டது யாரு? முதல் ஐந்து வருஷம் அவர் வகித்த பதவிக்குச் சம்பளமே கிடையாது. வகுப்புக்கு வரும் மாணவர் கட்டும் பணம்தான் வருமானம். அம்மா உதவினார். 1879-இல் அடுத்த படிக்கு ஏறினார் என்றால் அதற்குக் காரணம் அவருடைய பழைய ஆசிரியர் எர்ன்ஸ்ட் அபே எழுதிய பரிந்துரை. அந்தப் புத்தகத்தின் மதிப்பை அந்த ஊரில் உணர்ந்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

இந்த அபே யார்னு தெரிஞ்சா எங்க ஊர்க்காரங்க நிமிர்ந்து உட்காருவாங்க. கார்ல் ஜைஸ் லென்ஸ் கம்பெனியின் பங்குதாரர். இப்ப போன் கேமராவுல பேர் போட்டு விக்கிறாங்களே, அதே ஜைஸ். நான் செங்கம்காரன். எங்களுக்கு வானத்தோட ஒரு ஓரம்னா ஜவ்வாது மலைதான். அந்த மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1972-இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கி யேனாவில் ஜைஸ் தயாரித்தது. 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதைக் காவலூரிலிருந்தும் கவனித்தார்கள். யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அந்த நிகழ்வில்தான்.

அபே 1889-இல் கார்ல் ஜைஸ் அறக்கட்டளையை உருவாக்கினார். யேனா பல்கலைக்கழகத்துக்கும் அதிலிருந்து பணம் போனது. 1896-இல் ஃபிரேகெயை 'ஆனரரி' பேராசிரியர் ஆக்கினார்கள். அரசுச் சம்பளம் இல்லை, உதவித்தொகை அந்த அறக்கட்டளையிலிருந்து. நம்ம அரசுக் கல்லூரிகளிலும் 'கௌரவ விரிவுரையாளர்'னு ஒரு பதவி இருக்கு. பெயரில் கௌரவம், கையில் தொகுப்பூதியம். அதில் இருக்கும் யாரிடமாவது ஃபிரேகெ கதையைச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்களா அழுவாங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஒன்று மட்டும் தோணுது. பேப்பர் எண்ணிக்கையும் சைட்டேஷனும் பார்க்கிற கமிட்டி இவரை எடுத்திருக்காது. விஷயம் புரிந்த ஒரே ஒருத்தர், பணத்துக்கு வழி செய்யும் இடத்திலும் இருந்தார். அது அதிர்ஷ்டம். அதை ஒரு அமைப்புன்னு சொல்ல முடியாது.

இப்ப அந்த பக் ரிப்போர்ட். எண்கணிதத்தைத் தர்க்கத்தின் மேல் கட்டலாம் என்று எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1893-இல் வந்தது. இரண்டாம் பாகம் சொந்தக் காசில் அச்சில் இருந்தது. 1902 ஜூன் 16 அன்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு கடிதம் எழுதினார். விஷயம் இதுதான்: தன் பெயர் தனக்குள்ளேயே இல்லாத லிஸ்ட்டுகளை எல்லாம் ஒரு மாஸ்டர் லிஸ்ட்டில் போடுங்க. அந்த மாஸ்டர் லிஸ்ட்டின் பெயரை அதில் போடணுமா? போட்டா இருக்கக் கூடாது. விட்டா இருந்தே ஆகணும். ஃபிரேகெயின் ஒரு விதி இந்த லிஸ்ட்டை அனுமதித்தது. அதனால் மொத்தக் கட்டடமும் ஆடியது.

ஆறு நாளில் பதில் எழுதினார். அஸ்திவாரம் ஆடிவிட்டது என்பதை மறைக்கவில்லை. 1903-இல் வந்த புத்தகத்தின் பின்னிணைப்பாக அந்தப் பிழையையே அச்சடித்தார். ஒரு திருத்தமும் முயன்றார், அது நிற்கவில்லை. அடுத்த வருஷம் மனைவி இறந்தார். நாம இன்னைக்கு புரோகிராமிங் மொழிகள்ல பார்க்கிற 'டைப்' என்ற யோசனைக்கு ஒரு வேர், இந்தப் பிழையைச் சரிசெய்ய ரஸ்ஸல் போட்ட முயற்சியில் இருக்கு.

இன்னொன்றையும் சொல்லணும். 1924-இல் எழுதிய நாட்குறிப்பில் யூதர்கள் மீதும் ஜனநாயகத்தின் மீதும் வெறுப்பைக் கொட்டியிருக்கிறார். புறக்கணிக்கப்பட்ட மேதைன்னு மாலை போட்டுட்டு இதை மட்டும் ஸ்கிப் பண்ண எனக்கு மனசு வரல. மறு வருஷம் இறந்தார்.

அவர் விட்டுப்போன காகிதங்கள் மூன்ஸ்டர் நகரில் இருந்தன. 1945 குண்டுவீச்சில் மூலப்பிரதிகள் அழிந்தன. ஆனால் 1913-இல் அவர் வகுப்பில் மூன்றே பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ராணுவ மேஜர். ஃபிரேகெ பெரும்பாலும் முதுகைக் காட்டியபடி போர்டைப் பார்த்தே பேசுவார், யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. அந்த மூவரில் இன்னொரு பையன் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். பெயர் ருடால்ஃப் கார்னாப். பின்னாளில் 20ஆம் நூற்றாண்டின் பெரிய தத்துவவாதிகளில் ஒருவரான அதே கார்னாப்தான். அந்த நோட்ஸ் இப்போ புத்தகமாகவே கிடைக்குது.