தாங்கல் என்றால் நீர்



இந்த அவைக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தபோது, மகிழ்ச்சிக்கு முன்னால் தயக்கமே வந்தது. 1946-ல் ‘தமிழகம் ஊரும் பேரும்’ தந்த ரா. பி. சேதுப்பிள்ளையின் வழியில் வந்த துறை இது. அந்த வழியில் என்னைவிட நெடுந்தூரம் நடந்தவர்கள் இங்கே எதிரில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன் நின்று பேசுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

மாநாட்டின் பொருள், காப்பகங்களுக்கும் பூங்காக்களுக்கும் பெயரிடுவதன் புவியியலும் அரசியலும். அடிப்படைகள் நீங்கள் அறிந்தவையே. 1936-ல் ஹெய்லி என்ற ஆளுநரின் பெயரோடு பிறந்த பூங்கா, விடுதலைக்குப் பின் ராமகங்கை என்ற ஆற்றின் பெயரை ஏற்று, சில ஆண்டுகளிலேயே கார்பெட் பூங்கா ஆனது. அலாஸ்காவில் மக்கின்லி பூங்கா 1980-ல் தெனாலி ஆயிற்று. மலையின் பெயர் 2015-ல் தெனாலி என்று மாறி, 2025-ல் மீண்டும் மக்கின்லி ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் உலுரு நிலம் 1985-ல் அனங்கு மக்களின் கைக்குத் திரும்பியது. 1993-ல் பூங்கா ‘உலுரு – கட்டா ஜூட்டா’ என்று பெயர் பெற்றது. நம் ஆனைமலைச் சரணாலயம் இந்திரா காந்தியின் பெயரை ஏற்றது. 2007-ல் புலிகள் காப்பகமானபோது ஆனைமலை என்ற பெயர் திரும்ப வந்தது. இவற்றைப் பற்றி அடுத்த இரண்டு நாட்களும் கட்டுரைகள் வரவிருக்கின்றன. ஆகவே நான் விரித்துரைக்கவில்லை.

இவை எல்லாம் பெயர் மாறிய கதைகள். ஓர் எழுத்தும் மாறாமல் பெயரின் பொருள் மட்டும் பறிபோவதும் உண்டு. அதற்கு அறிவிக்கை வெளியாவதில்லை, எதிர்ப்பும் எழுவதில்லை. அதனால் அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மதுராந்தகத்துக்கு அருகே வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது.

‘வேடர்கள் தங்கிய சிற்றூர்’ என்றுதான் சுற்றுலாக் கையேடுகள் இப்பெயருக்குப் பொருள் சொல்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். அது பிழை என்பதே என் கருத்து. தங்கு என்னும் வினையிலிருந்து பிறப்பது தங்கல். தாங்கல் என்பது தாங்கு என்பதன் வழி வருவது. நீரைத் தாங்கி நிற்பது தாங்கல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அது சிற்றேரிக்கு வழங்கும் பெயர். சென்னையை ஒட்டியே பழவந்தாங்கல் இருக்கிறது, அய்யப்பன்தாங்கல் இருக்கிறது. அங்கெல்லாம் யார் தங்கினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வேடந்தாங்கலுக்கு மட்டும் ஏன் தனி இலக்கணம்? முதற்பகுதியில் வேடன் இருப்பதை நான் மறுக்கவில்லை. வேடன் பெயரால் அமைந்த ஏரி என்று கொள்வதில் தடையொன்றும் இல்லை. ஊரின் பெயருக்கு அச்சாக இருப்பது நீர்நிலை. அதை மறைக்கும் விளக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஓர் அரங்கில் நான் இதைச் சொன்னபோது, ‘மக்கள் வழக்கே முடிவானது’ என்று ஒரு மதிப்பிற்குரிய நண்பர் மறுத்தார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு அன்றும் இன்றும் குறையவில்லை. அன்று நேரம் கருதிச் சொல்லாத மறுமொழியை இன்று சொல்கிறேன். அவர் எடுத்துக்காட்டியது மக்கள் வழக்கு அன்று, கையேட்டு வழக்கு. ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் உழவரின் நாவில் தாங்கல் இன்றும் நீர்நிலைதான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ண வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஏரிப் பறவைகளைச் சுட்டவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள். தடுக்கத் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டவர்கள் ஊர் உழவர்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் கவுல் என்னும் ஒப்புதல் ஆவணம் வழங்கினார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. உழவர்களின் அக்கறைக்குக் காரணம் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரம். அங்கே பறவையும் பாசனமும் ஒரே கணக்கில் இருந்தன. சரணாலயத்தின் பெயர்ப்பலகையோ இந்த வரலாற்றைத் தலைகீழாக்கி, துப்பாக்கியை எதிர்த்த ஊரையே வேடர்களின் ஊர் ஆக்கிவிடுகிறது. அதைப் படிப்பவர், வேட்டைக்காரர்களிடமிருந்து பறவைகளை அரசு மீட்டது என்று நம்பித்தான் திரும்புவார்.

1798-ஐக் கலெக்டரின் கருணையாக எழுதிய அறிஞர்களும் உண்டு. அவர்களின் உழைப்பை வணங்குகிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. கவுல் என்பது கேட்ட உரிமைக்குத் தந்த ஒப்புதல். கேட்டவர் இல்லாமல் கொடுத்தவர் இல்லை.

இவ்விடத்தில், நாம் போதிய அளவு பயன்படுத்தாத ஒரு மூலத்தை நினைவூட்ட வேண்டும். 1767 தொடங்கி தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். அந்த அளவையோடு தொடர்புடைய தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இந்த மூலத்தின் அருமையை வரலாற்று ஆய்வாளர் தரம்பால் எடுத்துக்காட்டினார். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்களின் கணக்குகள் நூலாகவும் வந்துவிட்டன. பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இவற்றை விளைச்சலுக்காகவும் மானியத்துக்காகவும் படித்தார்கள். பெயராய்வாளர்களாகிய நாம் இவற்றை நீர்நிலைப் பெயர்களுக்காகப் படிக்க வேண்டாமா? கவுலுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் முந்தைய ஊர்க்கணக்கு ஓலையில் காத்திருக்க, நாம் கையேட்டை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெயரின் பொருள் எல்லையையும் தொடும். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். 1998-ல் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. 2020-ல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, ஏரி இங்கிருக்க எட்டியுள்ள வயல்கள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. தாங்கல் என்ற சொல்லை அறிந்தவர் இதைக் கேட்கமாட்டார். தாங்கல் தனித்து நிற்பதில்லை. மேலேரியின் மிகுநீர் வரும் வாய்க்காலும், மதகடி வயலும், அண்டை ஏரிகளும் சேர்ந்ததே அது. பறவைகள் கூடு கட்டுவது ஏரி மரங்களில். இரை தேடுவது சுற்றியுள்ள நீரிலும் கழனியிலும்.

1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு சரணாலயத்தின் இருப்பிடத்தையும் எல்லையையும் குறிப்பிடச் சொல்கிறது. 19-ஆம் பிரிவு அந்நிலத்தில் மக்களுக்குள்ள உரிமைகளைக் கலெக்டர் விசாரிக்கச் சொல்கிறது. பெயரை விசாரிக்க அங்கே ஏற்பாடு இல்லை. பெயரும் உரிமைச் சான்றுதான் என்று சொல்லவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். காப்பகம் அறிவிக்கப்படும்போது உரிமை விசாரணையோடு பெயர் விசாரணையும் நடக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றுவோம். ஓலைக் கணக்குகளிலுள்ள நீர்நிலைப் பெயர்களைத் தொகுக்கும் பணியை இங்குள்ள ஆய்வு மாணவர்களிடம் ஒப்படைப்போம். வேடந்தாங்கல் பலகையில் ஊரார் 1798-ல் பெற்ற கவுலும் தாங்கல் என்ற சொல்லின் பொருளும் இடம்பெற வனத்துறையிடம் கேட்போம்.

2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் ஆனது. அது ஈரநிலம் என்பதை அந்த ஊரின் பெயர் எப்போதோ சொல்லிவிட்டது. ஏரியில் நீர் நிற்கும் ஆண்டில்தான் அங்கே பறவைகள் கூடு கட்டுகின்றன.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.