சம்மன் வந்த பிறகு

பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாக்கி என்று நிர்வாகம் சிவில் வழக்குப் போட்டு, வீட்டுக்குச் சம்மன் வந்தால், பலர் பயத்தில் அதை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அவகாசம் தரலாம். போகாமலே இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். கட்டிய பணத்துக்கான ரசீது பீரோவிலேயே கிடக்கும்!

கேட்கிற தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அது நிர்ணயித்ததற்கு மேல் கேட்டிருந்தால் பதிலுரையில் எழுதுங்கள். பாக்கி மூன்று ஆண்டுக்கு முந்தையது என்றால் காலவரம்பையும் சொல்லுங்கள். உண்மையிலேயே தர வேண்டிய பாக்கி என்றால், தவணை கேட்டுச் சமரசம் பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் அதற்கு வழி உண்டு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தருவார்கள். சம்மன் அம்மா பெயரில் வந்திருந்தால், அம்மாவே போய் மனுக் கொடுக்கலாம்.