சீட்டில் எழுதியதும் காதில் விழுந்ததும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அங்கே பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

ஒரு அம்மாவிடம், "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டேன். "எனக்கு வெத்தலை, புகையிலைப் பழக்கமே இல்லையே, வாய்ல எப்படி வரும்?" என்றார். சிரிக்காதீங்க. 'வாய்' என்றால் அவருக்கு வாய்தான். பிள்ளை வெளியே வருகிற வழியில் கர்ப்பப்பை முடியும் இடம் என்று நான்தான் விளக்கியிருக்க வேண்டும்.

இன்னொருவர் "ஆசிட் வைப்பாங்களாமே" என்று பயந்து வரவே இல்லை. தடவுவது வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம்தான். அதுவும் 3 முதல் 5 சதவீதம். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், மாற்றமுள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியலாம், அவ்வளவுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதே முறையில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்!

"எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே" என்பதுதான் அதிகம் கேட்ட பதில். தொந்தரவு இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனையே. மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பல வருஷங்கள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் குளிரூட்டியோ சூடுவைத்தோ சரிசெய்துவிடலாம்.

வந்து பரிசோதனை செய்துகொண்ட ஒருவரைப் பற்றியும் சொல்லணும். சீட்டில் 'பாசிட்டிவ்' என்று எழுதி, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பினேன். வெளியே நீண்ட வரிசை; அதற்கு மேல் பேச நேரமில்லை. புற்றுநோயே வந்துவிட்டது என்று நினைத்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், சீட்டைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். எட்டு மாசம் கழித்து பிரஷர் மாத்திரை வாங்க வந்தபோது, தற்செயலாக அழுதபடி சொன்னார். மேல்பரிசோதனையில் தெரிந்தது, ஆரம்ப மாற்றம் மட்டுமே. சிகிச்சை முடிந்து அன்றைக்கே வீடு திரும்பினார். ஆனால் அந்த எட்டு மாசத் தூக்கத்தைக் கெடுத்தது என் கையெழுத்து.

30 வயது கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும், மார்பக, வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். போனால், சீட்டை வாங்கிய கையோடு கிளம்பிடாதீங்க. "இதுல என்ன எழுதியிருக்கு? இது புற்றுநோயா? அடுத்து எங்கே, எப்போ போகணும்?" என்று கேளுங்க. பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும். வீட்டுக்கு வந்தபிறகு சந்தேகம் வந்தால் 104க்கு போன் பண்ணுங்க.