தாமே கற்போர் தேரவேண்டிய பாடநெறி

(குருநகரில் சங்க இளைஞர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

கணினியைப் பழுது பார்த்தல், அதைப் பாவிப்போருக்கு நேரும் இடர்களைத் தீர்த்தல் ஆகிய துணைச்சேவைத் தொழிலை வீட்டிலிருந்தே கற்றுச் சான்றிதழ் பெற விரும்பும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். எந்தப் பாடநெறியை எடுப்பது என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. விளம்பரங்களுக்கோ குறைவில்லை. தாயார் நகையை அடகு வைக்கின்றார். வெளிநாட்டிலுள்ள தமையன் மிச்சம் பிடித்து அனுப்புகின்றான். ஆகவே தேர்வு பிழைத்தால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் பின் வரும் அருமையான இரண்டொரு வருடங்களும் அதனோடு போய்விடுகின்றன.

பிறநாட்டார் நடத்தும் பரீட்சைக்கு உள்ளூரிலிருந்து படிப்பது நமக்குப் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே கல்லூரிக்கு வராதவர்களுக்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, தன் மாணவரை இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. 1990க்குப் பின் மின்சாரமற்ற ஆண்டுகளில் குப்பி விளக்கின் முன் படித்துத் தேறியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் பரீட்சையின் பாடத்திட்டமே முதல் வழிகாட்டி. புத்தகமும் ஆசிரியரும் அதற்குப் பின்னரே.

நாம் இன்று சொல்ல வந்ததும் அதுவே. பாடநெறியை முதலில் தேடாதீர்கள். பரீட்சையை முதலில் அறியுங்கள். இறங்குதுறையில் எத்தனை வள்ளங்கள் கட்டியிருந்தாலும், போகுமிடம் தெரிந்தவனே தனக்கேற்ற வள்ளத்தைத் தெரிவான் அன்றோ?

இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்டது கொம்ப்டியா என்னும் அமெரிக்க அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழ். அது 1993இல் தொடங்கியது. அதனைப் பெற இரண்டு பரீட்சைகளில் தேற வேண்டும். இப்போதைய வரிசையின் எண்கள் 220-1201, 220-1202 என்பன. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள் வரை வரும்; நேரம் 90 நிமிடம். 900 வரையுள்ள அளவில் முதலாவதற்கு 675உம், இரண்டாவதற்கு 700உம் பெற்றவரே தேறியவர். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்தல் வேண்டும். ஒரு வரிசையின் முதற் பரீட்சையையும் வேறு வரிசையின் இரண்டாம் பரீட்சையையும் சேர்த்துக்கொள்ள இயலாது.

இதிலிருந்து முதல் விதி பிறக்கின்றது. பாடநெறியின் முகப்பில் பரீட்சை எண் எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். 220-1101, 220-1102 என்ற முந்திய வரிசை 2025 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கென எழுதிய புத்தகங்களும் காணொளிகளும் மலிவாகக் கிடைக்கும். அடிப்படை அறிய அவை உதவலாம். ஆனால் அவற்றை நம்பிப் பரீட்சைக்குப் போகலாகாது.

இரண்டாவது விதி: கொம்ப்டியா ஒவ்வொரு பரீட்சைக்கும் உரிய பாடத்திட்டத்தை இலவசமாகவே வெளியிடுகின்றது. அதை அச்சிட்டு மேசையில் வையுங்கள். பாடநெறியின் பொருளடக்கத்தை அதனோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்டவை பல இருந்தால் அந்நெறி எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டா.

மூன்றாவது விதி, கைப்பழக்கம். பரீட்சையில் விடை தெரியும் வினாக்களோடு, திரையிலேயே செய்து காட்ட வேண்டிய வினாக்களும் வருகின்றன. முதற் பரீட்சையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பழுது கண்டுபிடித்தலுக்கே உரியது. நடுக்கடலில் வள்ளத்து எஞ்சின் நின்றுவிட்டால் நமது தொழிலாளி என்ன செய்கின்றார்? எண்ணெய் வருகின்றதா, பிளக்கில் பொறி பறக்கின்றதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் குற்றத்தை அறிகின்றார். கணினிப் பழுதைக் காணும் முறையும் அதுவே; காணொளியைப் பார்த்திருந்தால் மட்டும் அது வாராது. பழைய கணினியொன்றைக் கழற்றிப் பூட்ட வேண்டும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மெய்நிகராக அமைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவசச் செயலியில் இயங்குதளத்தை நிறுவிப் பார்க்க வேண்டும். துரோணரின் உருவத்தை முன்வைத்துப் பயின்ற ஏகலைவனும் வில்லைக் கையிலெடுத்தே பயின்றான். ஆயுதபூசையன்று ஏட்டையும் கருவியையும் ஒருங்கே வைத்து வணங்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவது, பணம். விலை உயர்ந்ததே சிறந்தது என்று எண்ணற்க. புரொபசர் மெசர் என்ற பெயரில் வெளிவரும் ஏ பிளஸ் காணொளிகளை எவரும் காசின்றிப் பார்க்கலாம். கூகிள் நிறுவனம் 2018இல் கோர்செராத் தளத்தில் தொடங்கிய துணைச்சேவைப் பாடநெறி பல பகுதிகளையுடையது. ஒன்றுமறியாத தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. ஆனால் அதனை முடித்தவர்க்குக் கிடைப்பது கூகிளின் சான்றிதழ்; ஏ பிளஸ் சான்றிதழ் அன்று. பாடநெறியை முடித்ததற்குத் தரும் பத்திரம் வேறு, பரீட்சையில் தேறியதற்குத் தரும் பத்திரம் வேறு. பெற்றோரே, பணங் கட்டுமுன் இதில் எது கிடைக்கும் என்று தயங்காது கேளுங்கள். பரீட்சைக் கட்டணமோ தனி. அமெரிக்க விலைப்படி ஒவ்வொன்றும் 250 டொலருக்கு மேல். நம் நாட்டுக்குரிய விலையைப் பதியும்போது பார்த்துக்கொள்க. பாடநெறியில் மிச்சம் பிடித்து அதனைப் பரீட்சைக்கு வைப்பதே புத்தி.

ஐந்தாவது, மொழி. இப்பரீட்சை தமிழில் நடைபெறுவதில்லை. விளக்கத்தைத் தமிழிற் கேட்பது நன்று. ஆயினும் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் வாசித்தும் எழுதியும் பழகாதவர் வினாவை விளங்கவே திண்டாடுவர். ஆதலால் தமிழ் விளக்கமும் ஆங்கில நூலும் ஒருங்கே வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. களவாக வெளிவந்த வினாக்களை விற்போரும் உளர். அவற்றை மனனஞ் செய்து தேறுவது பொய்ச்சான்று பெறுவதாகும். அகப்பட்டால் சான்றிதழும் பறிபோகும். அகப்படாவிட்டாலும், வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே உண்மை வெளியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஏ பிளஸ் தான் வேண்டுமென்பதில்லை. வெளிநாட்டுக்கோ பன்னாட்டு நிறுவனங்களுக்கோ போக எண்ணுவோருக்கு அது உதவும். இந்நாட்டிலேயே தொழில் செய்ய விரும்புவோர், ஏழு மட்டங்களைக் கொண்ட நமது தேசிய தொழிற் தகைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கடைகளில் வேலை பழகியவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு அத்தகைமையை வழங்கும் வழியும் உண்டு. தொழிலறிந்தும் பத்திரமில்லாது நிற்கும் தம்பிமாருக்கு அது பெரும் வாய்ப்பு.

இளைஞர்களே! நெறியொன்றைத் தேர்ந்தபின் அதைக் கைவிட்டு இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், தவறாமல். கிழமைக்கொரு நாள் இருவர் மூவராய்க் கூடி ஒருவரையொருவர் வினாவுதல். பயிற்சிப் பரீட்சைகளில் திரும்பத் திரும்ப நல்ல புள்ளி வந்த பின்பே பணங்கட்டிப் பதிதல். இவை தனித்துப் படிப்போருக்கு ஆசிரியரின் பிரம்பு போன்றவை.

பெரியோர்களே! உங்கள் வீடுகளில் மூலையிற் கிடக்கும் பழைய கணினிகளைச் சங்கத்துக்குத் தாருங்கள். மண்டபத்தின் ஒரு மேசையில் அவை இருந்தால், சமயபேதமின்றி இவ்வூர்ப் பிள்ளைகள் எல்லோரும் வந்து கழற்றிப் பூட்டிப் பழகலாம். பூட்டத் தெரிந்த பிள்ளைக்கு நாளை ஒரு தொழில் கிடைக்கும். ஒரு குடும்பம் அடகை மீட்கும். வித்தைக்குச் செய்யும் உதவியே மேலான வழிபாடு எனக் கூறி, இத்துடன் அமைகின்றோம்.