போனுக்குள் வந்த கங்காணி

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர், இளைஞர்கள் கலந்துகொண்ட ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மண்டபத்தில் நாம் சம்பளம் பற்றிப் பேசுவோம், கொழுந்து நிறை பற்றிப் பேசுவோம், ஈ.பி.எஃப். பற்றிப் பேசுவோம். இன்று நம் கையில் இருக்கும் போனைப் பற்றிப் பேசப் போகிறோம். பேஸ்புக், வட்ஸ்அப், டிக்டொக், யூடியூப், சாமான் வாங்கி விற்கும் தளங்கள் எல்லாம் இதில் அடக்கம். இது தொழிற்சங்க விஷயமா என்று சிலர் கேட்கலாம். நம் தோட்டத்து அம்மா ஒருவரின் தோடு அடகுக்குப் போனது இந்தப் போன் வழியாகத்தான். அதில் சங்கத்துக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறோம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டம் என்பது மூடிக்கிடந்த இடம். வெளியாட்கள் துரையைக் கேட்காமல் உள்ளே வர முடியாது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போல வேடம் போட்டுத் தோட்டங்களுக்குள் வந்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவரும் மீனாட்சி அம்மாளும் பத்திரிகை, துண்டுப் பிரசுரம், பாட்டு என்று எல்லா வழியிலும் தொழிலாளருக்குச் சேதி கொண்டுவந்தார்கள். 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கியபோது, அதற்கு முன்னால் இத்தனை வருட நடையும் பாட்டும் இருந்தன. உள்ளே வந்த சேதி பெரட்டுக் களத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், பீலிக்கரையிலும் வாய்க்கு வாய் போனது.

இன்று சேதிக்குக் கேற் இல்லை. மேல் டிவிசனில் காலையில் நிறையைக் குறைத்துப் போட்டால், பத்து மணிக்குக் கீழ் டிவிசனில் தெரிந்துவிடுகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் இரவில் முகம் காட்டிப் பேசுகிறான். வீட்டுத் தோட்டத்தில் போட்ட போஞ்சியையும் லீக்ஸையும் படம் எடுத்துப் போட்டு, இடைத்தரகர் இல்லாமல் விற்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர்கள், நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். அந்த அழைப்பு பெரும்பாலும் சமூக வலைத்தளங்களில்தான் பரவியது. அதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் வந்த கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளமாக 700 ரூபாயைத்தான் தந்தது. 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். கூட்டம் சேர்க்க ஒரு பதிவு போதும். சம்பளத்தைக் கூட்டுவதற்குப் பேச்சுவார்த்தை, சம்பள நிர்ணய சபை, வழக்கு, சந்தா கட்டும் அங்கத்தவர்கள் என்று வருடக் கணக்கில் நிற்க ஆள் வேண்டும். லைக் போட்டவர்களின் எண்ணிக்கையைக் காட்டி எந்தக் கொம்பனியும் சம்பளம் கூட்டியதில்லை.

சரி, இந்தத் தளங்கள் யாருடையவை? பேஸ்புக் 2004இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2012இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டொலருக்கு வாங்கினார்கள். 2014இல் வட்ஸ்அப்பைச் சுமார் 1,900 கோடி டொலருக்கு வாங்கினார்கள். இன்று மூன்றும் மெட்டா என்ற ஒரே கொம்பனியின் சொத்து. நாம் பேஸ்புக்கில் படம் போட ஒரு சதமும் கொடுப்பதில்லை. இருந்தும் 2024இல் அந்தக் கொம்பனிக்கு வந்த வருமானம் 16,000 கோடி டொலருக்கு மேல். அதில் மிகப் பெரும் பங்கு விளம்பரக் காசு.

அந்த விளம்பரம் எதை வைத்து விற்கப்படுகிறது? நாம் எதைப் பார்க்கிறோம், எதில் நின்று பார்க்கிறோம், எந்த ஊரில் இருக்கிறோம், என்ன வயது, எதைத் தேடினோம் என்பதை வைத்து. அதுதான் அங்கே நிறுக்கப்படும் கொழுந்து. பறித்துக் கொடுப்பது நாம், நிறுப்பது அவர்கள். தராசு மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு இலாபம் என்பதால், நம் கோபத்தையும் பயத்தையும் ஆசையையும் கிளறும் பதிவுகள் முன்னால் வந்து நிற்கின்றன.

இதன் விலையை நம் மலைநாடே கண்டிருக்கிறது. 2018இல் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு பொய் கிளம்பியது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை மலடாக்கும் மாத்திரை உலகத்தில் கிடையாது. ஆனாலும் அந்தப் பொய் போன் போனாகப் போனது. அடுத்த சில நாட்களில், மார்ச் மாதம், கண்டி திகனையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிறப்பித்து, சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் கொம்பனி 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு அந்த மன்னிப்பால் கூரை போட முடியாது. அன்று அந்தப் பொய்யைப் பகிர்ந்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். பார்த்தார்கள், நம்பினார்கள், அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

நாங்களும் அப்படித்தான் ஒரு தவறு செய்தோம். இப்போது தோட்டின் கதைக்கு வருகிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்த பிள்ளை. கெட்டிக்காரி. தகப்பன் இல்லை, தாய் கொழுந்து எடுக்கிறார். பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டில் பெரிய கடையில் வேலை, மாதம் இரண்டரை லட்சம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அந்தப் பிள்ளை போன் எடுத்துக் கேட்டது. நல்ல தமிழில் மரியாதையாகப் பேசினார்கள். மருத்துவப் பரிசோதனைக்கும் விசாவுக்கும் 65,000 ரூபாயை ஒரு வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள். தாய் தோட்டை அடகு வைத்தார். பிறகு டிக்கெட்டுக்கு 40,000 கேட்டார்கள். அதைக் கடன் வாங்கிப் போட்டார்கள். மறுவாரம் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பேஸ்புக் பக்கத்தையும் காணவில்லை.

இரண்டு மாதம் தாயும் மகளும் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அடகுக்கடைக் கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. “ஏன் அம்மா முதலே எங்களிடம் கேட்கவில்லை?” என்றோம். அவர் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. “நம்ம சங்க குரூப்புல வந்துச்சுனுதான் சேர் நம்புனோம்.”

உண்மைதான். அந்த விளம்பரத்தைத் தோட்ட வட்ஸ்அப் குழுவில் போட்டவர்கள் நாங்கள்தான். கஷ்டப்பட்ட யாராவது ஒரு பிள்ளைக்கு உதவட்டும் என்று, விசாரிக்காமல் அனுப்பினோம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். காசு இன்னும் வரவில்லை. கமிட்டி ஆட்கள் சேர்ந்து அடகுத் தோட்டை மீட்டுக் கொடுத்தோம். கடன் அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. இன்று இந்த மேடையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

நம் முன்னோரை இந்தியக் கிராமங்களில் இருந்து அழைத்து வந்தது யார்? ஆள்கட்டும் கங்காணி. நம் மொழி பேசினான், சொந்தக்காரன்போலப் பேசினான், முற்பணம் கொடுத்தான். தோட்டத்துக்கு வந்த பிறகுதான் அந்த முற்பணம் கடன் என்று தெரிந்தது. ‘துண்டு’ என்ற கடன் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து அதே கங்காணி போனுக்குள் வந்து நிற்கிறான். அன்று முற்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான். இன்று முற்பணத்தை நம்மிடமே வாங்குகிறான்.

காசோடு போனால் தப்பித்தோம் என்றுகூடச் சொல்லலாம். 2022இல் சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் பட்ட துன்பம் பத்திரிகைகளில் வந்தது. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று போன இளைஞர்கள், மியன்மாரில் மியாவடி பக்கத்து முகாம்களில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை ஒன்லைனில் ஏமாற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2024இல் பலர் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

ஆகவே சில விஷயங்களைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதன் இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து அது உண்மையா என்று விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

சாமான் வாங்குவதென்றால், சாமானைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். விற்பதென்றால், ஒன்றை ஞாபகத்தில் வையுங்கள்: நம் கணக்குக்குக் காசு வருவதற்குக் கணக்கு இலக்கம் போதும், ஓ.டி.பி. தேவையில்லை. போனுக்கு வரும் அந்த இலக்கத்தை யாராவது கேட்டால், நம் காசை எடுக்கத்தான் கேட்கிறார்கள்.

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஈ.பி.எஃப். கடிதம் ஆகியவற்றைப் படம் எடுத்துக் குழுக்களில் போடாதீர்கள். சங்கத்துக்குத் தேவையென்றால் நேரில் கொண்டுவந்து கொடுங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒருவன் உங்கள் மகளின் படத்தை மாற்றிப் போட்டு மிரட்டினால், குற்றவாளி அவன்தான். மகளை அடித்து, போனைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்லமாட்டாள். மிரட்டுகிறவன் வேண்டுவதும் அதுதான். காசு கொடுக்காதீர்கள். அவன் அனுப்பியதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துப் பொலிஸுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் மாதர் அணி கூட வரும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள்.

சம்பளம் கூடிவிட்டது என்று ஒரு படம் வந்தால், சந்தோஷத்தில் உடனே அனுப்பிவிடாதீர்கள். வர்த்தமானி வந்ததா, எந்தத் திகதி, யார் கையெழுத்து என்று பாருங்கள். சம்பள நிர்ணய சபையில் வைக்கப்பட்ட யோசனை வேறு, வர்த்தமானியில் வந்த முடிவு வேறு. இரண்டையும் குழப்பியதால் நாம் எத்தனை முறை பெரட்டில் போய்ச் சண்டை போட்டுத் திரும்பியிருக்கிறோம்! போராட்டம் பற்றிய முடிவையும் குழுவில் எழுத வேண்டாம். முந்நூறு பேர் இருக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியாது. முடிவு எடுக்கும் இடம் கமிட்டி.

எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு வாக்குறுதி. இனி சங்கக் குழுவில் வரும் எந்த வேலை விளம்பரத்தையும், எந்தச் சம்பளச் செய்தியையும், இரண்டு பேர் விசாரித்த பிறகே போடுவோம். விசாரித்தவர்கள் யார் என்பதையும் கீழே எழுதுவோம். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணியில் இருந்து ஐந்து மணி வரை பள்ளிக்கூடத்தில் இருப்போம். போனில் வந்த எதையும் கொண்டுவந்து காட்டலாம். இது தெரியாதா என்று யாரும் கேட்கமாட்டோம். ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டாம். நாங்களே ஏமாந்துதான் இருக்கிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது நம் இளைஞர் குழுவில் இருக்கிறது. விளம்பரங்களை விசாரிக்கும் இரண்டு பேரில் ஒருவராக இருக்க அதுவே முன்வந்திருக்கிறது. ஏமாற்றுக்காரன் எப்படிப் பேசுவான் என்பது அதைவிட வேறு யாருக்குத் தெரியும்?

போன் கையில் இருக்கட்டும். அதில் வருவதற்குத் தனியாக இருந்து பதில் சொல்லாதீர்கள். வீட்டில் கேளுங்கள், பக்கத்துக் காம்பராவில் கேளுங்கள், கமிட்டியில் கேளுங்கள். லயத்தில் ஒருவருக்கு ஒன்று என்றால் பத்து வீடும் ஓடிவரும் பழக்கம் நம்முடையது. போன் விஷயத்திலும் அது தொடரட்டும்.