பெயர்ப் பதிவேடும் இறை அருளும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் எங்கள் வகுப்பின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்கள் வகுப்பில் இன்று எஞ்சியிருப்போர் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். 'அருளும் சட்டமும்' என்னும் தலைப்பில் பேசும்படி சங்கம் கேட்டபோது முதலில் தயங்கினோம். நாங்கள் இறையியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோது, இது எங்கள் புதுநன்மை நாளிலேயே தொடங்கிய விஷயம் என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

அக்காலத்தில் நற்கருணை வாங்குபவர் முதல்நாள் நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. ஒரு மிடறு தண்ணீருக்கும் இடமில்லை. புதுநன்மைக்கு நின்ற அன்று காலையில், எங்களில் ஒருத்தி கிணற்றடியில் முகம் கழுவும்போது தாகத்தில் தண்ணீர் குடித்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. அவளாகவே போய்ச் சொன்னாள். வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக நாங்கள் எல்லோரும் வரிசையில் போனோம். அவள் மட்டும் கடைசி வாங்கில் இருந்து அழுதாள்.

இதை எவர் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. அன்று திருச்சபை எங்கும் இருந்த விதி அதுதான். அந்த விதி பிறகு மாறியது. தண்ணீர் குடிப்பதால் நோன்பு முறியாது என்று 1953 தை மாதத்தில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். 1957இல் நோன்பு மூன்று மணி நேரமானது. 1964இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். ஆனால் அன்று நாங்கள் படித்த பாடம் மாறவில்லை. உண்மையைச் சொன்னவள் கடைசி வாங்கில் இருந்தாள் அல்லவா? ஆகவே இனிமேல் தண்ணீர் குடித்தால் சொல்லக்கூடாது என்று நாங்கள் படித்துக்கொண்டோம். விதி எங்களை நல்லவர்களாக்கவில்லை, மறைப்பதற்குப் பழக்கியது.

நாங்கள் பிறந்து வளர்ந்த இந்த ஊரே இந்தப் பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. முன்னேஸ்வரத்துக் கோயில் மணியும் சிலாபத்துக் கோவில் மணியும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1578இல் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரத்துச் சிவன் கோயிலை இடித்தார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களே இடித்தார்கள் என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அன்பைப் பற்றிய செய்தியை இடித்துப் புகுத்த முடியுமா? கொடுப்பவரின் கையில் வாள் இருந்தால், வாங்குபவர் அதை இலவசக் கொடை என்று எப்படி நம்புவார்?

போர்த்துக்கேயருக்குப் பின் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். மனிதன் தன் செயல்களால் அல்ல, இறைவனின் அருளால் மட்டுமே மீட்கப்படுகிறான் என்று மார்ட்டின் லூத்தர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய குரலின் வழி வந்தவர்கள். அந்தப் போதனையோடு வந்தவர்கள் இலங்கையில் என்ன செய்தார்கள்? கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் ஆணையிட்டார்கள். பாடசாலைகளில் தோம்பு வைத்தார்கள். ஞானஸ்நானமும் திருமணமும் அந்தத் தோம்பில் பதியப்பட்டன. தங்கள் சபையின் ஞானஸ்நானம் இல்லாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. அப்படிப் பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையிலும் சிக்கல். பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம்.

சனங்கள் என்ன செய்வார்கள்? தோம்பில் பெயர் எழுதினார்கள். வீட்டில் தங்கள் வழக்கப்படி வணங்கினார்கள். கிணற்றடியில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லாமல் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல. 1796இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும், தோம்பில் இருந்த கூட்டம் கோவில்களில் இல்லாமற் போயிற்று. அருள் ஒன்றே போதும் என்று பிரசங்கித்தவர்கள் அருளைச் சட்டமாக்கியதன் பலன் அது.

அதே காலத்தில், சட்டம் முழுவதும் தனக்கு எதிராக நின்ற ஒருவர் இந்தக் கரையில் நடந்தார். கோவாவில் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் நம் புத்தளப் பகுதியில் பணி செய்து, 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற சந்தேகத்தில் அங்கே சிறை வைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டு ஓடினார்கள். அவரும் அவருடைய மருமகனான குருவானவரும் குடிசை போட்டு, அவர்களைக் கழுவி, கஞ்சி கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. 1711இல் அவர் கண்டியிலேயே இறந்தார். 2015 தை 14ஆம் திகதி, காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, எங்கள் வகுப்பினர் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்றோம்.

இதில் யார் சரி, யார் பிழை என்று சபைகளைப் பிரிக்க நாங்கள் வரவில்லை. கோயிலை இடித்தவர்களும் கத்தோலிக்கர். குடிசை போட்டவரும் கத்தோலிக்கர். அருளைப் போதித்தவர்களே தோம்பு வைத்தார்கள். இந்த நோய் எந்தச் சபைக்கும் தனிச் சொத்து அல்ல. 1999 ஐப்பசி 31இல் ஜெர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒரே உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே இறைவன் நம்மை ஏற்கிறார், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பதே அதன் சாரம். இதைச் சேர்ந்து சொல்ல ஏறத்தாழ 480 ஆண்டுகள் சென்றன.

அருள் என்பது நம் சைவச் சகோதரிகளுக்கும் பழகிய சொல். வைணவர்கள் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் உவமை சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். நாம் தலவில அன்னம்மாளுக்கு நேர்ந்தாலும் முன்னேஸ்வரத்து அம்பாளுக்கு நேர்ந்தாலும் அதை நேர்த்திக்கடன் என்றுதான் சொல்கிறோம். நன்றியாகத் தொடங்குவது கடனாக மாறிவிடும் ஆபத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் சட்டமே வேண்டாமா? இந்தப் பாடசாலையில் படித்த எவளும் அப்படிச் சொல்லமாட்டாள். மணி அடித்தால் வரிசை, இரட்டைப் பின்னல், பூசையில் மௌனம். இவை இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ! கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் சட்டத்துக்கு ஓர் உவமை சொல்கிறார். கிரேக்கத்தில் அவர் எழுதிய சொல் ஆசிரியரைக் குறிப்பது அல்ல. அக்காலப் பணக்கார வீடுகளில், பிள்ளையைக் கையைப் பிடித்துப் பாடசாலை வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும் அடிமை ஒருவன் இருப்பான். அவனைக் குறிக்கும் சொல் அது. அவன் தேவையானவன். வழியில் பிள்ளை விழாமல், தொலையாமல் பார்ப்பவன். ஆனால் பாடம் சொல்லித் தருவது அவன் வேலை அல்ல. பிள்ளை வளர்ந்த பிறகும் அவன் கையை விடாவிட்டால், அது பாதுகாப்பு அல்ல.

அதே திருமுகத்தில் இன்னொரு சம்பவமும் வருகிறது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து கட்டுப்பாடானவர்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். அருளா சட்டமா என்ற கேள்வி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் தெரிய வருகிறது.

இங்கேதான் எங்கள் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைசி வாங்குப் பிள்ளை, தாய் நோயில் விழுந்ததால், எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கு முன்பே பாடசாலையை விட்டு விலகினாள். பிறகு முன்னேஸ்வரத்தில் பூக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்தாள். அவன் சைவன். நாங்கள் ஒருவரும் கலியாணத்துக்குப் போகவில்லை. எவரும் எங்களைத் தடுக்கவில்லை; பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். பேதுருவின் அதே பயம். சந்தையில் கண்டால் சிரித்துவிட்டு விலகினோம். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. நாங்கள் ஒழுங்காகப் பூசைக்குப் போனோம், ஒருசந்தி பிடித்தோம். ஊதாரி மகனின் கதையில் வீட்டை விட்டு எங்கும் போகாத மூத்த மகன் ஒருவன் இருக்கிறானே, அவன் நாங்கள்தான். விருந்துக்குள் வர மறுத்ததால் தகப்பனே வெளியே வந்து அழைக்க வேண்டியிருந்தவன்.

எங்களில் ஒருத்தியின் கணவர் பாரிசவாதத்தில் விழுந்தபோது, ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவள் அவள். செய்தி எப்படிக் கிடைத்ததோ தெரியாது. இரண்டு மாதம், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு நாள் எங்களில் இருவர் தைரியம் கொண்டு, அந்தப் புதுநன்மைக் காலையையும் கலியாணத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவள் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அத விடுங்க. அன்னைக்குத் தாகமா இருந்துச்சு, குடிச்சேன். இப்ப இவருக்குப் பசிக்கும், கொண்டாந்தேன்." எங்கள் மன்னிப்புக்கு நாங்கள் ஒரு பெரிய கணக்கு வைத்திருந்தோம். அவளிடம் கணக்கே இருக்கவில்லை.

இப்போது நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவியரின் பெயர்கள் திரட்டப்படுகின்றன. சங்க யாப்பின்படி, பரீட்சைக்குத் தோற்றியவர்களும் சந்தா நிலுவை இல்லாதவர்களுமே உறுப்பினர். அதன்படி அவள் பெயர் வராது. தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்டவர்கள், வாடியில் மீன் காய வைக்கப் போனவர்கள், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள், யுத்தத்தில் ஊர் மாறியவர்கள், இவர்கள் பெயரும் வராது. யாப்பு வேண்டும், கணக்கு வைக்கவும் கூட்டம் நடத்தவும் அது அவசியம். அது நம்மை வாசல் வரை கூட்டிக்கொண்டு வரட்டும். வாசலில் நின்று மற்றவரை மறிக்க வேண்டாம்.

ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். இந்தப் பாடசாலையின் சேர்வு இடாப்பில் ஒரு நாளாவது பெயர் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் மலரில் வரட்டும். அதற்கு ஆகும் மேலதிக அச்சுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

அவளை இன்று அழைத்து வந்திருக்கிறோம். பெயர் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள், ஆகவே சொல்லவில்லை. மதிய விருந்தில் நாங்கள் அவளோடு ஒரே மேசையில் உட்காருவோம். உங்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது.